சிற்றாற்றுக்கு ஒரு காற்று வள்ளம்: ரூஜ் சதுப்பில் இன்ரெக்ஸ் எக்ஸ்புளோரர் கே2

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் லோறன்ஸ் அவெனியூ கிழக்கே போய் முடியும் இடத்தில் ரூஜ் ஆறு ஒன்ராறியோ ஏரியில் விழுகிறது. கழிமுகத்து ரயில் பாலத்துக்குத் தெற்கே ஏரி. வடக்கே சம்பும் நாணலும் மண்டிய சதுப்பு. அந்தச் சதுப்புக்குள் ஆறு வளைந்து நெளிந்து, பக்கவாய்க்கால்களாகப் பிரிந்து கிடக்கிறது. சில வாய்க்கால்கள் ஒரு கார் ஒழுங்கை அகலம்கூட இல்லை. தண்ணீர் சில இடங்களில் கழுத்தளவு, சில இடங்களில் கணுக்காலளவு. இப்படிப்பட்ட தண்ணீருக்கு இன்ரெக்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்புளோரர் கே2 என்ற காற்றடைக்கும் கயாக் பொருந்துமா என்பதுதான் இங்கே கேள்வி. ஏஜாக்ஸில் உள்ள டஃபின்ஸ் கிறீக் போன்ற மற்றச் சிற்றாறுகளின் முகத்துவாரங்களுக்கும் இதே கணக்குத்தான்.

முடிவை முதலே சொல்லிவிடலாம். வீச்சுக்காற்று இல்லாத காலையில், சிற்றாற்றுக்குள் இரண்டு மூன்று மணித்தியாலம் ஆறுதலாகப் போய்வர இது திறமான வள்ளம். பாலத்தைத் தாண்டி ஏரிக்குள் கொண்டுபோக இது ஆகாது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: அகலம், மென்மை, தட்டையான அடி.

மஞ்சள் நிற வினைல் உடல். நீளம் 312 சென்ரிமீற்றர், அகலம் 91, உயரம் 51. இரண்டு பேருக்கானது. தாங்கும் நிறை 180 கிலோ. மூட்டையாகச் சுருட்டினால் சுமார் 14 கிலோ. ஒருவர் தோளில் போட்டுக்கொண்டு லிஃப்டில் இறங்கி, காரின் பின்பெட்டியில் வைத்துவிடலாம். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இதுதான் பெரிய விஷயம். கெட்டிப் பிளாஸ்ரிக்கில் வரும் இருவர் கயாக் ஒன்று 30 கிலோவைத் தாண்டும். காரின் கூரையில் தாங்கி வேண்டும், வைக்க கராஜ் வேண்டும், விலையும் இதைப்போல் நாலைந்து மடங்கு. பெட்டிக்குள் வள்ளத்தோடு 218 சென்ரிமீற்றர் அலுமினியத் துடுப்புகள் இரண்டு, காற்றடைக்கும் இருக்கைகள் இரண்டு, கைப்பம்ப், அடியில் மாட்டும் ஸ்கெக் என்ற சிறகு, ஒட்டுத்துண்டு, பை ஆகியவை வரும். உயிர்காப்பு அங்கி வராது. அதை வேறாகத்தான் வாங்க வேண்டும். அந்தச் செலவை வள்ளத்தின் விலையோடு சேர்த்தே கணக்குப் பாருங்கள்.

180 கிலோ என்பது ஆட்களும் பொருட்களும் சேர்ந்த நிறை. 80 கிலோ ஆட்கள் இருவர் ஏறினால் மிச்சம் 20 கிலோ. குடிதண்ணீர், சாப்பாடு, பம்ப், மாற்றுடுப்பு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். எல்லையைத் தொட்டுக்கொண்டு ஏற்றினால் கவிழாது. ஆனால் நடுத்தரை தொய்ந்து, இரண்டு முனையும் வாழைப்பழம்போல மேலே வளையும். அந்த வளைவோடு துடுப்புப் போடுவது சேற்றில் சைக்கிள் உழக்குவது மாதிரி. மொத்தச் சுமையை 150 கிலோவுக்குள் வைத்துக்கொண்டால் வள்ளம் தன் வடிவத்தில் இருக்கும்.

91 சென்ரிமீற்றர் அகலம் இந்த இடத்தில் கைகொடுக்கிறது. சேற்றுக்கரையிலிருந்து ஏறும்போதும், குனிந்து கிளையைத் தள்ளும்போதும், கமராவை எடுக்க உடம்பைத் திருப்பும்போதும் வள்ளம் ஆடாது. பழக்கமில்லாத ஒருவரை முன்னுக்கு இருத்திக்கொண்டு போகலாம். தட்டையான அடி என்பதால் மூழ்கும் ஆழமும் குறைவு: ஸ்கெக்கைக் கழற்றிவிட்டால் முழங்காலுக்குக் கீழே உள்ள தண்ணீரிலும் ஓடும். தண்ணீருக்குள் விழுந்து கிடக்கும் மரத்தில் இடித்தால் பந்துபோலத் துள்ளி விலகும். அதைவிட முக்கியம், அந்த இடியில் சத்தமே வராது. கெட்டிப் பிளாஸ்ரிக் வள்ளம் ஒரு கட்டையைத் தொட்டால் பறை அடித்ததுபோல வாய்க்கால் முழுக்கக் கேட்கும். வளைவுக்கு அப்பால் நின்ற பெரிய நீலக் கொக்கு எழும்பிப் போய்விடும். வினைல் வள்ளத்தில் அசையாமல் மிதந்து கிட்டப் போனால், அது ஒற்றைக்காலில் நின்றபடியே மீன் பார்த்துக்கொண்டிருப்பதைக் காணலாம். கட்டைகளில் வெயில் காயும் ஆமைகளும் அப்படித்தான். வளைவில் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துவிட்டு, வள்ளம் தானாக நழுவ விடுங்கள்.

இனிக் காற்று அடிக்கும் விஷயம். இந்த வள்ளத்தைப் பற்றிய முறைப்பாடுகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

மூன்று தனித்தனிக் காற்றறைகள்: இடப்பக்கக் குழாய், வலப்பக்கக் குழாய், தரை. கைநூலில் சொன்ன வரிசையிலேயே அடிக்க வேண்டும். ஒரு பக்கத்தை இறுக்கமாக அடித்துவிட்டு மற்றப் பக்கத்துக்குப் போனால் உடல் ஒரு பக்கமாக முறுகி நிற்கும். தரையில் காற்று ஏறும்போது அதன் மடிப்புகள் சரியாக விரியாது. முதற்சுற்றில் எல்லா அறைகளையும் முக்கால்வாசி அடித்து, மடிப்புகளைக் கையால் நீவி விரித்து, இரண்டாம் சுற்றில் இறுக்குவது பாதுகாப்பு. கைப்பம்பில் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் பிடிக்கும். ஸ்கெக் போடுவதென்றால் காற்று அடிக்க முன்னமே போட்டுவிடுங்கள். தரை இறுகிய பிறகு அதை உள்ளே தள்ளுவது பெரும்பாடு.

பக்கக் குழாய்களில் இருப்பது போஸ்டன் வால்வு. இதற்கு இரண்டு திருகு. மேல்மூடியைத் திறந்தால் காற்று உள்ளே போகும் வழி. உள்ளே ஒரு சிறிய ரப்பர் நாக்கு இருப்பதால் போன காற்று திரும்ப வராது. கீழ்த்திருகைத் திறந்தால் அறை முழுவதும் ஒரேயடியாகக் காலியாகும். கொஞ்சம் காற்றுச் சேர்க்கலாம் என்று நினைத்து அவசரத்தில் கீழ்த்திருகைத் திறந்துவிடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. ஆற்றுக்கு நடுவில் அதைச் செய்தால் சில விநாடிகளில் ஒரு பக்கம் தொய்ந்துவிடும். அதனால் கீழ்த்திருகைக் கரையிலேயே இறுக்கிவிட்டு, தண்ணீரில் இருக்கும்போது அதைத் தொடவே கூடாது.

"ஒவ்வொரு நாளும் காற்று இறங்குகிறது, ஓட்டை எங்கே என்று தெரியவில்லை" என்பவர்கள் முதலில் அந்த ரப்பர் நாக்கைப் பார்க்க வேண்டும். ரூஜ் ஏரிக்கரை மணல் நுண்ணியது. பம்பின் குழாய் முனையை மணலில் போட்டுவிட்டு எடுத்துச் சொருகினால், அடுத்த அடியிலேயே ஒரு மணல் பருக்கை நாக்குக்கும் அதன் விளிம்புக்கும் நடுவே போய் உட்காரும். கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளி போதும், இரண்டு மணித்தியாலத்தில் குழாய் மெத்தென்று ஆகிவிடும். வால்வை முழுதாகக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசி, நாக்கை விரல்நுனியால் தடவிப் பார்த்து, திருகு மரைகள் நேராகப் பொருந்தும்படி திரும்பப் போடுங்கள். மேல்மூடியும் காற்றைப் பிடிக்கும். அதை மறக்காமல் இறுக்குங்கள். இதற்குப் பிறகும் இறங்கினால்தான் சவர்க்காரத் தண்ணீர் பூசி ஓட்டை தேட வேண்டும்.

புதிய வள்ளம் முதல் நாள் கொஞ்சம் தொய்வது ஓட்டையால் அல்ல. வினைல் இழுபட்டு நீளும், அவ்வளவுதான். வீட்டில் ஒரு முறை அடித்து ஒரு நாள் விட்டுவிட்டு, மீண்டும் இறுக்கிப் பாருங்கள்.

வெப்பத்தின் கணக்கு இதைவிட முக்கியம். இந்த வகை வினைல் வள்ளங்களின் உள்ளழுத்தம் ஒரு பிஎஸ்ஐக்கும் (சதுர அங்குலத்துக்கு ஓர் இறாத்தல் அழுத்தம்) குறைவு. 30 பாகை வெயிலில் இறுக்கமாக அடித்த வள்ளத்தை 15 பாகைத் தண்ணீரில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று ஏறக்குறைய 5 வீதம் சுருங்கும். அழுத்தமே மிகக் கொஞ்சம் என்பதால், இந்தச் சுருக்கம் முழு இறுக்கத்தையும் தின்றுவிடும். அதனால் வள்ளத்தை இறக்கிப் பத்து நிமிடம் தண்ணீரில் மிதக்க விட்டு, பிறகு ஒவ்வோர் அறைக்கும் பம்பால் சில அடி சேர்க்க வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தைக் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள்தான் "நேராகவே போகவில்லை, தரை நெளிகிறது" என்கிறார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. மத்தியானம் கரையில் இழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால், வெயிலில் காற்று விரிந்து தரையின் உள்ஒட்டுகள் பிரிந்துபோகும். தரையை நீள வரிகளாகப் பிரித்துப் பிடிப்பவை அந்த ஒட்டுகள்தான். பிரிந்தால் ஒட்ட வழியே இல்லை. கரையேறியதும் நிழலுக்குள் இழுங்கள், அல்லது தரையில் கொஞ்சம் காற்றைத் திறந்து விடுங்கள்.

துடுப்பைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கூட வரும் 218 சென்ரிமீற்றர் துடுப்பு இந்த அகலத்துக்குக் குட்டை. 91 சென்ரிமீற்றர் அகல வள்ளத்துக்கு 230 முதல் 240 வரை நீளம் உள்ள துடுப்புத்தான் சரியான அளவு. குட்டைத் துடுப்பால் தண்ணீரை எட்டக் கையை உயர்த்த வேண்டியிருக்கும், முழங்கை விளிம்பில் உரசும், துடுப்பிலிருந்து வழியும் தண்ணீர் மடியில் கொட்டும். ஒன்றரை மணித்தியாலத்தில் தோள் நோகும். ஆனால் 240 நீளத் துடுப்பு குறுகிய வாய்க்காலில் சம்புத்தண்டுகளுக்குள் மாட்டும். இந்தப் பாவனைக்கு 230 போதும். நார்க்கண்ணாடித் தண்டும் பிளாஸ்ரிக் அலகும் உள்ள நடுத்தர விலைத் துடுப்பு ஒன்று வாங்கினால், வள்ளத்தில் செய்யும் திருத்தங்களில் அதிகம் பலன் தருவது அதுதான். பின்னால் இருப்பவருக்கு அதைக் கொடுங்கள். வள்ளத்தைத் திருப்புவது அவர்தான். முன்னால் இருப்பவருக்குக் கூட வந்த அலுமினியத் துடுப்பே காணும்.

அலுமினியத் துடுப்பின் துண்டுகளைப் பூட்டும் சிறு உருண்டைப் பொத்தானில் மணல் புகுந்தால் உள்ளே போனது வெளியே வராது. கழற்றி நல்ல தண்ணீரில் கழுவி, காய வைத்து, பிரித்தே வையுங்கள். பூட்டியபடி மாதக்கணக்கில் விட்டால் இணைப்பு ஒட்டிப்போய்விடும்.

ஸ்கெக்கைப் போடுவதா விடுவதா என்பதைக் கரையிலேயே முடிவு செய்ய வேண்டும். தண்ணீருக்குள் இறங்கிய பிறகு மாற்ற முடியாது. ஸ்கெக் இல்லாவிட்டால் ஒவ்வொரு துடுப்புக்கும் முன்முனை இடமும் வலமும் ஆடும். அகலமான பிரதான ஆற்றில், குறிப்பாக ஏரிப்பக்கமிருந்து தென்மேற்குக் காற்று வரும்போது, ஸ்கெக் கட்டாயம். பக்கவாய்க்கால்களுக்குள் அதுவே எதிரி. பாசியையும் நீர்த்தாவரங்களையும் கோதிக் குவித்துக்கொண்டு வரும், வேகம் பாதியாகும். ஆழம் குறைந்த இடத்தில் மண்ணில் குத்தி, சிறகு பொருந்தும் காடியை முறித்துவிடும்.

இன்னொன்று, திரும்புதல். வள்ளம் 312 சென்ரிமீற்றர் நீளம். மூன்று மீற்றர் அகல வாய்க்காலில் அதைத் திருப்ப முடியாது. பின்னோக்கித்தான் வர வேண்டும். பின்னோக்கி வரும்போது ஸ்கெக் முன்னுக்கு வந்துவிடும். வள்ளம் சொன்னபடி கேட்காமல் நாணலுக்குள் போய்க் குத்தும். ஆகவே வாய்க்கால்களுக்குள் நுழையும் எண்ணம் இருந்தால் ஸ்கெக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு, பிரதான ஆற்றில் ஆடி ஆடிப் போவதைச் சகித்துக்கொள்ளலாம். துடுப்பை உயர்த்திப் பிடித்து, வள்ளத்துக்கு ஒட்டினாற்போலக் குறுகிய வீச்சாகப் போட்டால் ஆட்டம் பாதி குறையும். இரண்டு முனையும் ஏறக்குறைய ஒரே வடிவம் என்பதால், ஸ்கெக் இல்லாதபோது பின்னோக்கி வருவதும் சுகம்.

ஒருவர் மட்டும் ஓட்டும்போது பின் இருக்கையிலேயே உட்கார்ந்தால் முன்முனை தண்ணீரிலிருந்து எழும்பி நிற்கும். அதில் காற்றுப் பட்டால் வள்ளம் பம்பரம்போலச் சுழலும். முன் இருக்கையைக் கழற்றி வீட்டில் விட்டு, பின் இருக்கையின் வார்களை முடிந்தவரை தளர்த்தி நடுவுக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள். அது போதாவிட்டால் 10 லீற்றர் தண்ணீர்க் கலன் ஒன்றை முன்முனையில் வைத்துக் கட்டுங்கள். இரண்டு பேர் போகும்போது பாரமானவர் பின்னால். அகன்ற வள்ளம் என்பதால் இருக்கையில் காற்றை முழுக்க அடிக்கலாம். முதுகுக்கு அது நல்லது. முதுகுச்சாய்வு இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு சரிந்துகொண்டே போகும், வாரை இடைக்கிடை இழுத்துவிட வேண்டும்.

ஓட்டை விழும் இடங்களைத் தெரிந்துகொண்டால் ஓட்டை விழாது. ரூஜ் சதுப்பில் பீவர் என்ற பெரிய கொறிவிலங்குகள் இருக்கின்றன. பீவர் கரையோர மரக்கன்றை அறுக்கும்போது தண்டைச் சாய்வாகப் பல்லால் சீவி எடுக்கும். மிஞ்சும் அடிக்கட்டை பென்சில் சீவியதுபோலக் கூராக நிற்கும். ஏரியின் நீர்மட்டம் உயரும் ஜூன் அளவில் இந்தக் கூர்முனைகள் தண்ணீருக்குச் சற்றுக் கீழே மறைந்திருக்கும். மேலே ஓட்டும்போது குத்துவதைவிட, கரையில் ஒதுக்கி ஆட்கள் இறங்கி ஏறும்போது பாரத்தோடு அமிழ்ந்து குத்துவதுதான் அதிகம். கரையில் சீவிய தண்டுகளோ வெள்ளைச் சீவல்களோ தெரிந்தால் அந்த இடத்தில் ஒதுக்காதீர்கள். பாலத்தடியில் மீன்பிடிகாரர் விட்டுப்போன கொழுக்கிகள், கற்களில் ஒட்டிய ஸீப்ரா சிப்பிகள் ஆகியவை மற்ற இரண்டு ஆபத்துகள். ஸீப்ரா சிப்பியின் ஓடு சவர அலகுமாதிரி. வள்ளத்தைக் கல்லின் மேல் இழுக்கவே கூடாது, தூக்க வேண்டும். வெறுங்காலோடும் இறங்காதீர்கள்.

ஓட்டை விழுந்தாலும் மூன்று அறையும் தனித்தனி என்பதால் மிச்ச இரண்டும் தாங்கும். காற்று உள்ள பக்கத்துக்குப் பாரத்தை மாற்றி, கிட்டிய கரைக்குப் போய்விடலாம். கரையில் அவசர ஒட்டுக்கு ரியர்எய்ட் என்ற ஒட்டு நாடாவில் பி வகையைத்தான் வாங்க வேண்டும். அதுதான் வினைலுக்கு உரியது. ஏ வகை வினைலில் பிடிக்காது. இடத்தைத் துடைத்து, காய வைத்து, மதுசாரத் துணியால் துடைத்த பிறகே ஒட்டுங்கள். வீட்டில் நிரந்தரமாக ஒட்டும்போது ஒட்டுத்துண்டின் மூலைகளை வட்டமாக வெட்டி, ஓட்டையைச் சுற்றி மூன்று சென்ரிமீற்றராவது படும்படி வினைல் பசையால் ஒட்டி, பாரம் வைத்து, ஒரு நாள் கழித்தே காற்று அடியுங்கள்.

எப்போது போவது? ஏரியிலிருந்து காற்று வெயில் ஏற ஏற எழும்பும். காலை ஏழு மணிக்கு இறங்கிப் பத்தரைக்குள் கரையேறுவது நல்ல கணக்கு. போகும்போது ஆற்றை எதிர்த்து மேலே போய், களைத்த பிறகு நீரோட்டத்தோடு திரும்புங்கள். ஆனால் திரும்பும் வழியில் காற்று எதிரே வரும் என்பதை மறக்கக் கூடாது. இந்த வள்ளத்தின் உயரமான பக்கங்கள் பாய்போல வேலை செய்யும். பலமான எதிர்க்காற்றில் நீரோட்டத்தின் உதவி ஒன்றுமில்லாமல் போய்விடும். இருவர் ஓட்டினால் அமைதியான தண்ணீரில் மணிக்கு மூன்று நாலு கிலோமீற்றர் என்று வைத்துத் திட்டம் போடுங்கள்.

பெரிய மழைக்குப் பிறகு இரண்டு நாள் போகாதீர்கள். ரூஜ் ஆற்றின் மேற்பக்கத்தில் நகரம். தார் வீதிகளில் விழுந்த மழை மண்ணுக்குள் போகாமல் நேரே ஆற்றுக்கு வரும். தண்ணீர் சில மணித்தியாலத்தில் உயர்ந்து பழுப்பாகி, மரங்களை இழுத்துக்கொண்டு ஓடும். விழுந்த மரத்தின் கிளைகளுக்கூடாக வேகமான தண்ணீர் ஓடும் இடத்தில் காற்று வள்ளம் பக்கவாட்டாகப் போய் அழுந்தினால் அங்கேயே மடங்கி மாட்டிக்கொள்ளும். அப்படி மரம் கண்டால் தூரத்திலேயே கரை ஒதுங்கி, வள்ளத்தைத் தூக்கிக்கொண்டு நடந்து கடவுங்கள்.

மே மாதம் ஏமாற்றும் மாதம். காற்று 22 பாகையாக இருக்கும். தண்ணீர் 10 பாகைக்குக் கிட்டக் கிடக்கும். 15 பாகைக்குக் கீழ் உள்ள தண்ணீரில் திடீரென்று விழுந்தால் மூச்சு திணறி, நீந்தத் தெரிந்தவரும் முதல் நிமிடத்தில் தண்ணீரைக் குடித்துவிடுவார். ஊரில் கடலில் நீந்திப் பழகியவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அந்தக் கடல் குளிரே தெரியாத கடல். உயிர்காப்பு அங்கியை வள்ளத்துக்குள் வைத்தால் போதாது, போட்டுப் பூட்டியிருக்க வேண்டும். ஜூன் நடுப்பகுதியிலிருந்து செப்ரெம்பர் வரை இந்த வள்ளத்துக்கான காலம். செப்ரெம்பரில் ஏரிமட்டம் இறங்கியிருப்பதால் மேலே தூரம் போக முடியாது. பதிலுக்கு, முட்டையிட ஆறு ஏறும் பெரிய சினூக் சால்மன்கள் வள்ளத்துக்கு அடியால் போவதைப் பார்க்கலாம்.

கனடாச் சட்டப்படி வள்ளத்தில் ஆளுக்கொரு அங்கீகரிக்கப்பட்ட உயிர்காப்பு அங்கி அளவாக இருக்க வேண்டும். 15 மீற்றருக்குக் குறையாத மிதக்கும் எறிகயிறு, தண்ணீர் இறைக்க ஒரு கோப்பை அல்லது கைப்பம்ப், விசில் ஆகியவையும் வேண்டும். இருட்டிய பிறகு இருந்தால் விளக்கும் வேண்டும். துடுப்பால் ஓட்டும் வள்ளத்துக்கு ஓட்டுநர் அட்டை தேவையில்லை. எறிகயிறும் கோப்பையும் விசிலும் ஒரே பையில் சேர்த்து விற்பார்கள். அதை வாங்கி இருக்கைக்குப் பின்னால் கொழுவிவிட்டால் வேலை முடிந்தது.

கரையேறிய பிறகு செய்யும் வேலை பலருக்குப் பிடிக்காதது, ஆனால் விட முடியாதது. 2022 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில், வள்ளத்தைத் தரைவழியாகக் கொண்டுபோக முன் அதில் ஒட்டிய நீர்த்தாவரங்களை அகற்றி, தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்பது சட்டம். வெளியிலிருந்து வந்து ஏரிகளில் பெருகிப் பரவும் ஸீப்ரா சிப்பியின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாது. ரூஜில் நனைந்த வள்ளத்தை ஈரத்தோடு மறுநாள் வடக்கே ஓர் உள்நாட்டு ஏரியில் இறக்கினால் அந்த ஏரியே நாசமாகும். காற்று வள்ளத்தில் தண்ணீர் ஒளிந்திருக்கும் இடங்கள் நிறைய: தரையின் நீள வரிகளுக்கு இடைப்பட்ட பள்ளங்கள், தரையும் பக்கக் குழாயும் சந்திக்கும் ஆழமான மடிப்பு, ஸ்கெக் காடி, இருக்கைக்கு அடி. வள்ளத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒரு முனையைத் தூக்கி வடித்து, பழைய துவாயை மடிப்புக்குள் விரலால் செலுத்தித் துடையுங்கள். காற்றோடே வெயிலில் காய விடுவதென்றால் அறைகளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஈரத்தோடு சுருட்டினால் ஒரு கிழமையில் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும், அந்த மணம் பிறகு போகாது.

குளிர்காலத்தில் சூடேற்றாத கராஜில் வைக்காதீர்கள். உறைநிலையில் வினைல் விறைக்கும். அந்த நிலையில் மடிப்பை விரித்தால் மடிப்பு வழியே வெடிக்கும். வீட்டுக்குள், தளர்வாகச் சுருட்டி, மேலே பாரம் வைக்காமல் வையுங்கள்.

இதே நிறுவனத்தின் சலேஞ்சர் கே2வை வாங்கலாமா என்று பலர் யோசிப்பார்கள். அது 351 சென்ரிமீற்றர் நீளம், 76 அகலம், 38 உயரம். தாங்கும் நிறை அதே அளவு. காற்றுக்கு அகப்படுவது குறைவு, நேராகவும் கொஞ்சம் கெதியாகவும் போகும். அகன்ற ஆற்றில் அல்லது சிறிய உள்நாட்டு ஏரிகளில் ஓட்டுபவர் அதை எடுக்கலாம். ஆனால் இன்னும் நீளம் என்பதால் வாய்க்காலில் திருப்புவது மேலும் கஷ்டம், கால் நீட்ட இடமும் குறைவு. சதுப்புக்கு எக்ஸ்புளோரர்தான் என்பது எங்கள் எண்ணம். பிள்ளைகளோடு, அடிக்கடி, பல வருடம் ஓட்டப்போகிறவர்கள் பணத்தைச் சேர்த்து, ட்ரொப்ஸ்ரிச் தரை (மேலும் கீழும் உள்ள துணிகளை உள்ளே நூல்களால் இணைத்த தரை) உள்ள உயர் அழுத்தக் கயாக் பக்கம் போகலாம். அதன் தரை பலகைபோல நிற்கும். வெயில் குளிரால் எளிதில் தொய்யாது.

பழையது வாங்குபவர்கள் விற்பவர் வீட்டிலேயே முழுக்கக் காற்று அடித்துக் காட்டச் சொல்லுங்கள். காய்ந்த மணல் வால்வுகளுக்குள் இருந்தால் பரவாயில்லை, கழுவலாம். பக்கக் குழாயில் ஒட்டுகள் இருந்தாலும் பிடித்திருந்தால் சரி. ஸ்கெக் தொலைந்திருந்தால் அதற்காக விலையைக் குறைக்கலாம், வாய்க்காலில் அது தேவையும் இல்லை. தரையை மட்டும் வடிவாகப் பாருங்கள். நீள வரிகள் எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் இரண்டு வரிகள் சேர்ந்து பலாப்பழம்போலப் புடைத்து நின்றால் உள்ஒட்டு பிரிந்துவிட்டது என்று அர்த்தம். சும்மா தந்தாலும் அதை எடுக்க வேண்டாம்.